செட்டிநாட்டில் நடக்கும் ஒப்பந்தக் கல்யாணக் கதை: முதல் முறை எழுதுகிறவர்களுக்கு

நாயகனுக்கும் நாயகிக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆளுக்கொரு நெருக்கடி. அதற்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், நமக்குள் ஒன்றும் இல்லை என்று தனியாகப் பேசியும் வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் மெல்ல மெல்ல ஒருவர் சாப்பிட்டாரா இல்லையா என்று இன்னொருவர் கவனிக்க ஆரம்பிக்கிறார். இந்தக் கதையை எத்தனை முறை கொடுத்தாலும் உட்கார்ந்து படிப்பேன். அதை நம் செட்டிநாட்டில், பாட்டன் பூட்டன் காலத்தில் வைத்து எழுத இப்போது நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிக்கச் சொல்லி வரும் பிரதிகளில் பெரும்பாலும் ஒரே சிக்கலைப் பார்க்கிறேன். 1932இல் கானாடுகாத்தான் வீடு, ஆனால் நாயகன் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறான், ஒரு வருஷத்தில் விவாகரத்து என்கிறான், ராத்திரி அவன் சோபாவில் படுக்கிறான், அவள் கட்டிலில் படுக்கிறாள். இந்த மூன்றுமே அந்த வீட்டில் நடக்க வழியில்லை. அதோடு, அந்த ஊரில் தாமாகவே கிடைக்கிற நூறு நல்ல காட்சிகளை இந்த மூன்றும் அடைத்துவிடுகின்றன. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கல்யாணத்தில் எல்லாமே எழுதப்பட்டது, எண்ணப்பட்டது, பரப்பி வைத்து ஊருக்குக் காட்டப்பட்டது. அந்தப் பட்டியல் எதிலும் வராத ஏதோ ஒன்று இரண்டு பேருக்குள் முளைப்பதுதான் உங்கள் காதல் கதை. அதனால் பட்டியலில் என்னென்ன இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. வருஷத்தை முடிவு செய்யுங்கள்

"அந்தக் காலம்" என்று ஒரு காலம் கிடையாது. 1910இல் கல்யாணம் செய்துகொண்டவரும் 1933இல் செய்துகொண்டவரும் வேறு வேறு உலகத்தில் இருந்தார்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு நம் ஆட்கள் அங்கே வட்டிக்குப் பணம் கொடுக்கும் கடை வைக்கத் தொடங்கி, ரங்கூன் முகல் தெருவில் வரிசையாகக் கிட்டங்கிகள் (கடைகள் இருந்த கட்டடங்கள்) வந்து, அந்தப் பணத்தில் இங்கே பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் போட்டு வீடுகள் எழும்பின. அது ஏறுமுகமான காலம். 1930இல் உலகம் முழுக்க மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை, நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் அது 25 சதவீதம். பணமாகத் திரும்பி வர வேண்டியது மண்ணாக நின்றுவிட்டது, அந்த மண்ணை இழந்தவனுக்கு இவர்கள் மேல் கோபமும் மூண்டது. இதை மறைக்காமல் எழுதுங்கள். நாயகன் நல்லவன் என்பதற்காக அந்த விவசாயியின் நஷ்டம் இல்லாமல் போகாது. நாயகன் அதைப் பார்த்துச் சங்கடப்பட்டால் கதைக்கு நல்லதுதான்.

1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போனது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள், நிறைய பேர் வழியிலேயே போய்விட்டார்கள்.

முதல் முறை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது 1931 முதல் 1934 வரையுள்ள காலம். வெளியே வீடு பெரிசாக இருக்கும், உள்ளே பெட்டி காலியாகிக்கொண்டிருக்கும். ஒப்பந்தக் கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. 1930 வாக்கில் காரைக்குடிக்கு ரயிலும் வந்துவிட்டதால் ஆட்களைச் சட்டென்று கொண்டுவரவும் அனுப்பவும் வசதி.

2. பெண்ணின் வயசுக்குக் காரணம் கண்டுபிடியுங்கள்

அன்றைக்குப் பெண்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசில் கல்யாணம் முடிந்துவிடும். பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று வைத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும். நம் ஊர்களில் பெரும்பகுதி இராமநாதபுரம் ஜில்லா, மீதி ராயவரம், கடியாபட்டி மாதிரி புதுக்கோட்டை சமஸ்தானம். இந்த எல்லையை மறக்காதீர்கள்.

காதல் கதைக்கு நாயகி வளர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அப்படியானால் இருபது வயசு வரை அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்விக்கு ஊர் திருப்திப்படும்படி ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில்தான் கதையின் பாதி. அப்பச்சியின் (அப்பாவின்) கடை முறிந்து மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார், பேசி முடித்த இடம் விலகிக்கொண்டது. அல்லது ஆத்தா படுத்த படுக்கை, வீட்டைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அல்லது ஜாதகத்தில் ஒன்று சொல்லிவிட்டார்கள். முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குக் கணக்குத் தெரிந்திருக்கும். முறிந்த கடையின் பேரேட்டை அப்பச்சி ராத்திரி ராத்திரியாகப் புரட்டும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

3. அவனுக்கு ஏன் கல்யாணம் வேண்டும்?

இங்கேதான் வெளிநாட்டு நாவல்களின் ஏற்பாடு அப்படியே இறங்கிவிடுகிறது. "முப்பது நாளில் கல்யாணம் செய்தால்தான் சொத்து என்று தாத்தா உயில் எழுதிவிட்டார்." இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரையுள்ள ரீஜென்சி காலத்தை வைத்து எழுதுகிறவர்களுக்கு அது சரிப்படும். அங்கே நிலம் மூத்த ஆண் வாரிசுக்கே போகும்படி கட்டி வைப்பார்கள், கல்யாணமான பெண்ணின் பணம் புருஷன் கைக்குப் போய்விடும், 21 வயசுக்குள் என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்று 1753ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது, அதிலிருந்து தப்ப ஸ்காட்லாந்து எல்லைக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அங்கேயும்கூட "நாங்கள் சேர்ந்து வாழவில்லை" என்று சொல்லி மட்டும் கல்யாணத்தை ரத்து செய்துவிட முடியாது. முழு விவாகரத்துக்கு 1857 வரை பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் ஊரில் மிதாட்சரம் என்ற இந்துச் சொத்துச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறந்த அன்றைக்கே பங்கு உண்டு. ஐயா (தாத்தா) கோபித்துக்கொண்டு உயில் எழுதி அதைப் பிடுங்க முடியாது. தானே சம்பாதித்ததை வேண்டுமானால் யாருக்கும் எழுதலாம்.

அதனால் வேறு காரணம் தேடுங்கள். நம்மிடமே இருப்பது புள்ளி. கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. கோயிலில் அவன் பெயர் ஏறும், புள்ளி வரி கட்டுவான், ஊர்க் காரியத்தில் அவன் பேச்சுக்கு இடம் உண்டு. கல்யாணம் ஆகாதவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அப்பச்சி புள்ளிக்குள் அடங்கியவன்தான். இன்னொன்று, பிள்ளை கூட்டுவது. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டி வருவார்கள். இருபத்தைந்து வயசில் அப்படி வந்து சேர்ந்த ஒருவனை நினைத்துப் பாருங்கள். புது அப்பச்சி, புது ஆத்தா, புது விலாசம் (குடும்பத்துக்கும் கடைக்கும் அடையாளமான பெயரெழுத்துகள்), கடையில் ஏற்கெனவே நடக்கும் தில்லுமுல்லு ஒன்று, இது நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் பங்காளிகள். அவனுக்கு உடனே ஒரு கல்யாணம் வேண்டும், வருகிறவளுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. நம் நாயகியிடம் பணம் இல்லை, கணக்கு இருக்கிறது. பாருங்கள், கதை தானாகவே உட்கார்ந்துவிட்டது.

மாமன் மகள் ஒருத்தி இருந்தால் அவளை விட்டுவிட்டு வேறு இடத்தில் பெண் எடுப்பது லேசான காரியம் இல்லை. முறை விட்டுப்போன கோபம் ஒரு தலைமுறைக்கு நிற்கும். வில்லி தேடுகிறவர்கள் அந்த மாமன் மகளை வில்லியாக்கிவிடாதீர்கள், பாவம். அவளுடைய ஆத்தாவை அடுக்களையில் நாலு வார்த்தை பேசவிட்டாலே போதும்.

4. கோயிலைச் சரிபாருங்கள்

நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒன்பது கோயிலில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தது, குலம் மாதிரி: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒரே கோயில் என்றால் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க முடியாது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை என்பதால் அங்கேயும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. இளையாத்தங்குடிக்குள் உட்பிரிவுகள் இருக்கின்றன, அந்தக் கணக்கு தனி. கதையில் அந்தக் கோயிலை எடுத்தால் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

என் முதல் குறுநாவலில் நான் இதைக் கோட்டைவிட்டேன். இரண்டு வீட்டையும் வைரவன்கோயில் என்று எழுதிவிட்டேன், நடுவில் நாற்பது பக்கம் இருந்ததால் எனக்கே தெரியவில்லை. எண்பது வயசு ஆச்சி ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து முடித்துவிட்டு, "ஏத்தா, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கியே" என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கதை பிடித்திருந்தது, அதனால்தான் அத்தனை வருத்தம். அன்றையிலிருந்து ஒரு தாளில் ஊர், கோயில், விலாசம், ஐயா பெயர் நாலையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் முதல் வரியைத் தொடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கல்யாணத்தன்று இரண்டு வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். அந்தக் கோயில் மாலைதான் பதிவு. மாலை வராத கல்யாணம் நகரத்தார் கணக்கில் கல்யாணமே இல்லை. ரகசியக் கல்யாணம், ஓடிப்போய்க் கல்யாணம் என்றெல்லாம் யோசிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மாறாக, முகூர்த்த நேரம் நெருங்குகிறது, ஒரு கோயில் மாலை வந்துவிட்டது, இன்னொன்று வரவில்லை, மாட்டு வண்டி எங்கே நிற்கிறதோ என்று திண்ணையில் ஆட்கள் எழுந்து எழுந்து பார்க்கிறார்கள். இதை எழுதுங்கள், நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

5. ஒப்பந்தத்தை எங்கே வைப்பது

உங்கள் முத்திரைத்தாளுக்கு இங்கே வேலையே இல்லை. ஏனென்றால் இரண்டு வீடும் சேர்ந்து எழுதும் ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு இசைகுடிமானம் என்று பெயர். ஓலையில் எழுதுவார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இன்ன தேதியில் கல்யாணம், கொடுப்பது இன்னது என்று எழுதி இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒப்புக்கொள்வார்கள். சீதனப் பணம் தனி, நகை தனி, மாமியாருக்குக் கொடுக்கும் சாமான் தனி. எல்லாவற்றையும் பட்டாலை என்ற கூடத்தில் பரப்புவார்கள், பார்க்க வருகிறவர்கள் எண்ணுவார்கள்.

நாயகனும் நாயகியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நிபந்தனை இந்த ஓலையில் வர முடியாது. வாயால் சொல்லிய வார்த்தைதான். பொம்பளைகள் சாமானைப் பார்க்கிற சந்தடியில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் மூணே வாக்கியம். "மூணு வருஷத்துக் கணக்கைப் பார்த்து எங்கே ஓட்டை என்று எனக்குக் காட்டுங்கள். உங்கள் அப்பச்சி கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுக்கு மேலே உங்களிடம் நான் எதுவும் கேட்கமாட்டேன்." அவள் ஒன்றும் சொல்லாமல், விரித்திருந்த பாயின் ஓரத்தைக் கால் விரலால் நேராக்குகிறாள். அவ்வளவு போதும். எழுதாத சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று வாசகர் கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

தாலிக்குப் பதிலாக ஏதோ ஒரு சங்கிலி என்று எழுதாதீர்கள். நகரத்தார் தாலிக்குக் கழுத்துரு என்று பெயர். தாலி கட்டுவதைத் திருப்பூட்டுதல் என்றுதான் சொல்வார்கள். தங்கத்தின் கனமும் மஞ்சள் கயிற்றின் ஈரமும் ஒன்றாகக் கழுத்தில் விழும் அந்த நொடியை அவள் உடம்பின் வழியாகச் சொல்லுங்கள், விலையைச் சொல்ல வேண்டாம்.

6. வீட்டுக்குள் தனிமை எங்கே கிடைக்கும்

வீட்டின் வரைபடத்தைக் கையால் ஒரு முறை போட்டுவிடுங்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை, நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு அடுக்களைப் பக்கம், அதைத் தாண்டினால் பின் தெரு. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அதில் பாதிக்கு மேல் சீர் சாமான் அடைத்திருக்கும். பகலில் அங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் வீடே பேசும். ராத்திரி கதவு சாத்தினால் அந்தச் சத்தம் வளவு முழுக்கக் கேட்கும். சோபாவுக்கு இடமும் கிடையாது, தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்பது மறுநாள் காலையில் அப்பத்தாவுக்குத் தெரியாமல் இருக்கவும் வழி கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து நடிக்க வேண்டும், நடிப்பதற்காகவே பேச வேண்டும், அப்படிப் பேசத் தொடங்கிப் பழக்கம் வந்துவிடுகிறது.

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுதியதற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். வேறு வைத்தல். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் "குடும்பத்தைப் பிரித்துவிட்டார்களா?" என்பார்கள். பிரிப்பது இல்லை. கல்யாணம் ஆனபின் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டித் தனியாகப் பொங்கிச் சாப்பிட வைப்பார்கள். வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு செலவுப் பணம் என்று அளந்து கொடுப்பார்கள், அதற்குள் அவள் குடும்பத்தை நடத்திக் காட்ட வேண்டும். ஒரே கூரை, ஒரே முற்றம், பக்கத்துப் பக்கத்தில் மாமியார் அடுப்பு, ஓரகத்தி அடுப்பு, இவள் அடுப்பு.

எதற்காகவோ கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேருக்கு இதைவிட என்ன வேண்டும்? வேறு வைத்த அன்றைக்கு அவன் எங்கே சாப்பிடுவான்? நேற்று வரை ஆத்தா அடுப்பில் சாப்பிட்டவன். இன்றைக்கு இவள் இலை போட்டால்தான் அவனுக்குச் சாப்பாடு. இவளுக்கும் அவனுக்கும் ஒன்றும் இல்லை என்று பேசியிருக்கிறார்கள், ஆனால் ஒரே பானைச் சோறு. அவனுக்கு உப்புக் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் அவளாகக் கண்டுபிடிக்கிறாள்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படி பச்சரிசியைத் தலை தட்டி அளந்துவிட்டு, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்தைக் கொட்டுவார்கள், அதுதான் அளவு. கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். ஊற வைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, கொஞ்சம் பால் விட்டு, புளிக்கவிடாமல் உடனே ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றுவார்கள். மேலே எழும்பி ஓரம் பஞ்சு மாதிரி வெள்ளையாக விரிய வேண்டும், சிவந்துவிடக் கூடாது. உங்கள் நாயகி முதல் பணியாரத்தை ஊற்றும்போது மற்ற அடுப்புகளிலிருந்து மூன்று பேர் பார்க்கிறார்கள். அளந்து கொடுத்த அரிசி இது, வீணாக்கினால் மாதக் கடைசியில் கை கடிக்கும். அவன் முகப்பில் ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். பணியாரம் போகிறது. தட்டு காலியாகத் திரும்பி வருகிறது, அதில் ஒரே ஒரு பணியாரம் மட்டும் தனியாக ஓரத்தில். அவளுக்கென்று வைத்து அனுப்பியிருக்கிறான். ஐந்து பேர் கண்ணுக்கு எதிரே நடந்தும் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் அது புரிகிறது. முத்தக் காட்சிக்கு அவசரப்படாதீர்கள், இந்த ஊரில் இப்படித்தான்.

7. மூன்று வருஷப் பிரிவைப் பயன்படுத்துங்கள்

கடையை நடத்தப் போகிற ஏஜெண்டு சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் இங்கேதான். முதலாளி மகனாக இருந்தாலும் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகியவனாக இருப்பான். கொண்டு விற்கப் போகிறார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

நாவலின் நடுப்பகுதியில் அவனைக் கப்பல் ஏற்றிவிடுங்கள். நிறைய பேர் காதலர்களைப் பிரிக்க மனசு வராமல் அவனை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள், அது தப்பு. பக்கத்தில் இருந்தபோது பேச முடியாததைக் கடிதத்தில் எழுத முடியும். உச்சியில் சிவமயம், அப்புறம் எல்லோர் சுகமும் விசாரிப்பு, நடப்பு வட்டி இன்ன மாதத்துக்கு இவ்வளவு என்ற செய்தி, நெல் விலை, வீட்டில் யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். இந்தக் கடிதத்தை வீட்டில் ஐந்து பேர் படிப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் அவன் தன் மனசைக் கணக்குக்குள் ஒளித்துவைக்க வேண்டும். அவள் சீதனப் பணம் அவள் பேரில் கடையில் வட்டிக்கு நிற்கிறது என்று வையுங்கள். சின்னத் தொகைதான், முறிந்த கடையிலிருந்து அப்பச்சி மீட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு கணக்கிலும் அவள் வரவில் ஒரு மாகாணி கூடுதலாக இருக்கிறது. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. அவனுக்குக் கணக்குத் தப்பாது என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் இது தப்பு இல்லை. அவள் பதில் கடிதத்தில், "வரவு சரியாக இருக்கிறது" என்று மட்டும் எழுதுகிறாள். எனக்கு இப்படி ஒரு காட்சியை யோசிக்கும்போதே தொண்டை அடைக்கிறது.

பிள்ளையார் நோன்பை விட்டுவிடாதீர்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கொன்றாகக் கோடி வேட்டியிலிருந்து இழை எடுத்து, 21 இழையைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க, சுடர் அணையாமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். கடல் தாண்டிய ஊர்களிலும் நகரத்தார்கள் கூடி அதே நாளில் இழை எடுப்பார்கள். இங்கே அவள், அங்கே அவன், ஒரே ராத்திரி. அவள் கையில் நெருப்பு வரும்போது அவனும் இப்போது இதைத்தான் செய்துகொண்டிருப்பான் என்ற நினைப்பு வருகிறது.

பர்மாவில் சில ஆண்களுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பதும் உண்மை. அதை எழுதினால் அந்தப் பர்மியப் பெண்ணையும் மனுஷியாக எழுதுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

8. பெயரும் முறையும்

அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா, தாத்தாவை ஐயா, அப்பாவைப் பெற்றவளை அப்பத்தா, அம்மாவைப் பெற்றவளை ஆயா, அண்ணன் பெண்டாட்டியை அண்ணமிண்டி. அக்காவை ஆச்சி என்பார்கள், கல்யாணமான எந்த நகரத்தார் பெண்ணையும் ஊர்க்காரர்கள் ஆச்சி என்பார்கள். நாயகி வீட்டுக்குள் நுழைந்த அன்றே வேலைக்காரர்கள் அவளை ஆச்சி என்று கூப்பிடும்போது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கட்டும்.

புருஷன் பெயரை அவள் சொல்லமாட்டாள், மாமனார் பெயரையும் சொல்லமாட்டாள். மூத்த மகனுக்கு ஐயா பெயரைத்தான் வைப்பார்கள் என்பதால் பெற்ற பிள்ளையைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத தாய்மார்கள் இருந்தார்கள். "ராஜா, இங்கே வா" என்பார்கள். இதைப் பிற்போக்கு என்று நாயகி வாயால் ஒரு பக்கம் பேசவிடாதீர்கள். கோயில் அர்ச்சனையில் பெயர் சொல்ல வேண்டி வந்து அவள் திணறுகிற இடம் அதைவிட நன்றாகச் சொல்லிவிடும்.

9. பிரிந்துவிடலாம் என்ற மிரட்டல்

சுருக்கமாக. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்தும், ஒரு தாரத்துக்கு மேல் கூடாது என்ற விதியும் வந்தது 1949ஆம் வருஷச் சட்டத்தில், நாடு முழுக்க 1955இல். அதற்கு முன்னால் உங்கள் நாயகிக்கு வெளியே போக வழியில்லை, பிறந்த வீட்டுக்குப் போய் இருந்துவிடலாம், அவ்வளவுதான். அவன் நினைத்தால் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம், சட்டம் தடுக்காது. இந்த ஏற்றத்தாழ்வு அவள் மனசில் எப்போதும் இருக்கும். பங்காளிகளும் மாமன் வீடும் அந்தப் பேச்சை எடுக்கும்போது அவன் என்ன சொல்கிறான் என்பதை உச்சக்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. போய்ப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்

நிஜக் குடும்பங்களின் விலாசத்தையும் வீட்டுப் பெயரையும் கதையில் வைக்காதீர்கள். ஊர் நிஜமாக இருக்கட்டும், விலாசத்தை நீங்களே உண்டாக்குங்கள். கானாடுகாத்தான் தெருக்களில் மத்தியானம் நடந்து பாருங்கள், ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பாருங்கள். கடைசியாகக் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். பித்தளை, வெண்கலம், பூப்போட்ட எனாமல் தூக்கு, மரப்பெட்டி, எல்லாம் யார் யார் வீட்டுச் சீரிலிருந்தோ வந்தவை. ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பி விளிம்பைப் பாருங்கள். எழுத்து வெட்டியிருக்கும், அந்த வீட்டு விலாசம்.

அதிலிருந்தே முதல் காட்சியைத் தொடங்கலாம். பட்டாலையில் சாமான் பரப்பியிருக்கிறது, மற்ற கல்யாணங்களைவிடக் குறைவாக. வந்தவர்கள் எண்ணிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாப் பாத்திரத்திலும் அவள் அப்பச்சி விலாசம், ஊரில் இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விலாசம். கூட்டம் கலைந்த பிறகு அவன் வந்து ஒரு தூக்கை எடுத்து, வெட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டி, சத்தமாகப் படிக்கிறான்.

இதற்கு அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள்.